கடித்தது காலில், ஊசி தோளில்

கேள்வி: டாக்டர், ஆர்.எஸ்.புரத்தில் பூ மார்க்கெட்டுக்குப் பின்னால் குடியிருக்கிறோம். என் ஒன்பது வயதுப் பையன் டியூஷன் முடிந்து வரும்போது ஒரு தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. பல் பதிந்து ரத்தம் வந்தது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஜி.ஹெச்.சுக்கு ஓடினோம். கடிவாயைச் சுற்றி ஊசி போட்டார்கள். இரண்டு தோளிலும் தோலுக்குள் சின்னதாக ஒவ்வொன்று போட்டார்கள். மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தோளில் போட்டாயிற்று. 28ஆம் நாள் ஊசி பாக்கி. கடித்த நாயை அதற்கப்புறம் தெருவில் காணோம்.

"பையன் நல்லாத்தானே இருக்கான், அவனுக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி, சளிகூடப் பிடிக்கறதில்லை, இன்னொரு ஊசி எதுக்கு?" என்கிறார் வீட்டுக்காரர். "அந்தக் காலத்துல தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி போடுவாங்க, இது எறும்பு கடிச்ச மாதிரி இருக்குது, இதுல எங்க கேக்கப்போவுது" என்கிறார் மாமியார். கோழி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கடித்தது காலில், ஊசி ஏன் தோளில்? எதிர்ப்பு சக்தி நன்றாக இருக்கிற பிள்ளைக்கும் இத்தனை ஊசி தேவையா? இன்னொன்று: கடிப்பதற்கு முந்தின நாள் அதே நாய் சின்னவள் கையை நக்கியிருக்கிறது. சைக்கிளில் விழுந்து மணிக்கட்டில் சிராய்ப்பு இருந்தது. அவளுக்கும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

– ஒரு வாசகி, ஆர்.எஸ்.புரம், கோவை

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய விஷயம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் உங்களை அழைத்ததற்குக் காரணம் சின்னவள்தான். சிராய்ப்பின் மேல் நாயின் எச்சில் பட்டால் அது ரத்தம் வரக் கடித்ததற்குச் சமம். மருத்துவர்கள் இரண்டையும் மூன்றாம் வகை என்று ஒன்றாகத்தான் சேர்ப்பார்கள். சிராய்ப்பே இல்லாத தோலை நக்கியிருந்தால் கழுவிவிட்டால் போதும், ஊசி தேவையில்லை. நாள் கடந்துவிட்டதே என்று நீங்கள் தயங்கினீர்கள். தயங்க வேண்டிய இடம் இது இல்லை. நாய்க்கடியால் வரும் ரேபிஸ் நோய் வெளிப்படாத வரை, எத்தனை நாள் கழித்து வந்தாலும் தடுப்பூசியைத் தொடங்கலாம், தொடங்கியே ஆக வேண்டும். அன்று மாலையே அவளுக்கும் ஊசி போட்டாயிற்று என்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

இனி பெரியவன். 28ஆம் நாள் ஊசியைக் கட்டாயம் போடுங்கள். ஏன் என்று உங்கள் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் புரியும்படி சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. ஆரோக்கியமான பிள்ளையின் உடம்பில் எந்தக் கிருமி வந்தாலும் உடனே எதிர்க்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தோல், மூக்கின் சளிப்படலம், வயிற்றின் அமிலம், கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் எல்லாம் இதில் சேர்ந்தவை. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகிச் சீழ் பிடிக்கிறதே, அது இந்த ஏற்பாட்டின் வேலை. வந்தது என்ன கிருமி என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. அன்றாடம் நம்மைத் தொடும் கிருமிகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

மீதிப் பாதிதான் சிக்கல். முதல் ஏற்பாட்டைத் தாண்டி வரும் கிருமியைத் தனியாக அடையாளம் கண்டு அழிப்பது இரண்டாவது ஏற்பாடு. பி செல், டி செல் என்ற இரண்டு வகை வெள்ளணுக்கள் இதைச் செய்கின்றன. ஒவ்வொரு பி செல்லும் தன் மேற்பரப்பில் ஒரு வடிவத்தை ஏந்திக்கொண்டு திரிகிறது. அந்த வடிவத்துக்குப் பொருந்துகிற கிருமியைத்தான் அதனால் பிடிக்க முடியும். மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து, இன்னும் பார்த்திராத கிருமிகளுக்குக்கூட உடம்பு கோடிக்கணக்கான வடிவங்களை முன்கூட்டியே செய்து வைக்கிறது. இது எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்த ஜப்பானியர் சுசுமு தோனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. ரேபிஸ் வைரஸுக்குப் பொருந்தும் செல்கள் உங்கள் மகன் உடம்பிலும் முன்பே இருக்கின்றன. ஆனால் மிகச் சொற்பம். வைரஸைச் சந்தித்த பிறகுதான் அவை பெருகத் தொடங்கும். பெருகி, வைரஸைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை, அதாவது ஆண்டிபாடியை, ரத்தத்தில் போதுமான அளவு கொட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

சளிக் காய்ச்சலில் இந்தத் தாமதத்தால் பெரிய நஷ்டமில்லை. நாலைந்து நாள் மூக்கு ஒழுகும், பிறகு உடம்பே சரிசெய்துகொள்ளும். உங்கள் பையனுக்குச் சளி பிடிக்காமல் இருப்பது, பள்ளிக்கூடத்தில் சுற்றிவரும் சளிக் கிருமிகள் பலவற்றை அவன் உடம்பு ஏற்கெனவே பார்த்துப் பழகிவிட்டதாலும் இருக்கலாம். ரேபிஸ் வைரஸை அவன் உடம்பு பார்த்ததே கிடையாது. எவ்வளவு திடகாத்திரமான ஆளாக இருந்தாலும், பார்க்காத கிருமிக்கு எதிர்ப்பொருள் இருக்காது. உடம்பின் எதிர்ப்பு என்பது கிருமிக்குக் கிருமி வேறு. பொதுவாக ஏற்றி வைத்துக்கொள்கிற பலம் இந்த இடத்தில் உதவாது.

அதிலும் இந்த வைரஸ் உடம்புக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாத வைரஸ். கடியோடு உள்ளே போகும் அளவு கொஞ்சம்தான். தசையில் கொஞ்ச காலம் தங்குகிறது. அப்போது செல்களைச் சிதைத்து ரகளை செய்வதில்லை. அதனால் முதல் ஏற்பாட்டுக்குத் தகவல் சரியாகப் போவதில்லை. கிருமி புகுந்த செல்கள் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் பொருளைச் சுரக்கும். இந்த வைரஸின் புரதம் ஒன்று அந்த எச்சரிக்கையையும் அமுக்கிவிடுகிறது. பிறகு தசையும் நரம்பும் சேரும் இடத்தில் நரம்புக்குள் நுழைந்துகொள்கிறது. நுழைந்துவிட்டால் ரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள் அதைத் தொட முடியாது. நரம்பு வழியே ஏறி முதுகுத் தண்டையும் மூளையையும் அடைகிறது. இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் பிடிக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் நடந்திருக்கிறது, சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகியிருக்கிறது. இந்தக் காலம் முழுக்கப் பிள்ளை ஓடி விளையாடும், சாப்பிடும், தூங்கும். "நல்லாத்தானே இருக்கான்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம்.

மூளைக்குப் போனபின் தண்ணீரைக் கண்டால் தொண்டை இழுப்பது, காற்றுப் பட்டால் நடுங்குவது என்று அறிகுறிகள் தொடங்கும். அதற்கு மேல் எங்களிடம் மருந்து இல்லை. இறந்துபோகிறவர்களில் பலருக்குக் கடைசி நாட்கள் வரை ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படுவதே இல்லை. அவர்கள் உடம்பு பலவீனமாக இருந்ததால் அல்ல, வைரஸை அது பார்க்கவே இல்லை. 2004இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வௌவால் கடித்த 15 வயதுப் பெண் ஒருத்தி, தடுப்பூசி போடாமலே அறிகுறி வந்த பிறகும் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே அவள் உடம்பு தானாக எதிர்ப்பொருளை உருவாக்கியிருந்தது. அவளுக்குச் செய்த சிகிச்சையை அதன்பின் பலருக்கும் செய்து பார்த்தார்கள். பெரும்பாலும் பலிக்கவில்லை. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தியாவில் மட்டும் ஆண்டுக்கு 5,700 பேருக்கு மேல் என்பது ஐ.சி.எம்.ஆர். ஆய்வாளர்களின் அண்மைய மதிப்பீடு. உரிய நேரத்தில் கழுவி, ஊசியை முடித்திருந்தால் இவர்களில் ஏறக்குறைய எல்லோரையும் காப்பாற்றியிருக்கலாம் என்பதை நினைக்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆகவே சிகிச்சை முழுவதும் நேரத்தை வைத்துத்தான். வைரஸ் நரம்பில் ஏறுமுன் உடம்பில் எதிர்ப்பொருள் இருக்க வேண்டும்.

முதல் வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். பலர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் கடிவாயில் அப்பக் கூடாது. அது புண்ணைக் கிளறி வைரஸை உள்ளே தள்ளத்தான் உதவும். உடனே தையலும் போடக் கூடாது.

இரண்டாவது, கடிவாயைச் சுற்றிப் போட்ட ஊசி. அது தடுப்பூசி அல்ல, ஆயத்தமாக வரும் எதிர்ப்பொருள். குதிரைகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அவற்றின் ரத்தத்தில் உருவாவதைப் பிரித்துச் சுத்தம் செய்து எடுப்பது ஒரு வகை. மனித ரத்தத்திலிருந்து எடுப்பதும், ஆய்வகத்தில் செய்யும் மோனோகுளோனல் வகையும் உண்டு. வைரஸ் புகுந்த இடத்திலேயே அதைக் கட்டிப்போட வேண்டும் என்பதால்தான் புண்ணுக்குள்ளேயே போடுகிறார்கள். பையனுக்கு அப்போது வலித்திருக்கும். ஆனால் அவன் உடம்பு சொந்த எதிர்ப்பொருளை உருவாக்கும் வரையிலான அந்த ஒரு வாரத்தைத் தாங்கியது அந்த ஊசிதான். இது இரவல் பாதுகாப்பு, சில வாரங்களில் கரைந்துபோகும். முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாள் தாண்டிவிட்டால் இதைப் போடுவதில்லை. அதற்குள் சொந்த எதிர்ப்பொருள் வரத் தொடங்கியிருக்கும், இரவலாக வந்தது அதன் வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும்.

மூன்றாவதுதான் தோளில் போடும் தடுப்பூசி. அதில் இருப்பது செயலிழக்கச் செய்த ரேபிஸ் வைரஸ். அதனால் நோய் வராது. நரம்புக்குள் ஒளிந்துகொள்ளும் வைரஸை உடம்பு பார்க்கும்படி வெளிச்சத்தில் காட்டுவதே அதன் வேலை. எங்கேயோ தேள் கொட்ட எங்கேயோ நெறி கட்டும் என்பார்களே, உடம்பு உண்மையிலேயே அப்படித்தான் வேலை செய்கிறது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். கையில் வந்தால் அக்குளில் கட்டும். அந்த நிணநீர்க் கணுக்களில்தான் பி செல்லும் டி செல்லும் கூடியிருக்கின்றன. தோலில் காவலிருக்கும் டென்ட்ரைடிக் செல்கள் ஊசியில் வந்த வைரஸ் துணுக்குகளை எடுத்துக்கொண்டு அக்குள் கணுவுக்குப் போகின்றன. பொருத்தமான செல் அங்கே கிடைத்ததும் அது பெருகுகிறது. அங்கே உருவாகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் கலந்து கெண்டைக்கால் உட்பட உடம்பெங்கும் போகிறது. ஆகவே தடுப்பூசியைக் கடித்த இடத்தில் போட வேண்டிய அவசியமில்லை. பிட்டத்தில் மட்டும் போடக் கூடாது. அங்கே கொழுப்பு அதிகம், மருந்து சரியாகச் சேராது.

எறும்பு கடித்த மாதிரி இருப்பதற்கும் காரணம் உண்டு. டென்ட்ரைடிக் செல்கள் தசையைவிடத் தோலில் நிறைய இருக்கின்றன. அதனால் தோலுக்குள் 0.1 மில்லி போட்டாலே போதும். தசையில் முழு அளவு போடுவதற்கு நிகரான பலன் கிடைக்கும். இந்தியாவில் இந்த முறைக்கு 2006இல் அனுமதி கிடைத்தது. ஒரு குப்பி மருந்தைப் பல பேருக்குப் பகிர முடிவதால் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது சுலபமாயிற்று.

மாமியார் சொல்லும் தொப்புள் ஊசி கட்டுக்கதை இல்லை. அந்த மருந்து நமக்குச் சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் குன்னூரிலும் தயாரானதுதான். 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர் ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு, உங்கள் மகனுக்கும் அதே வயது, முதன்முதலாக ரேபிஸ் தடுப்பூசி போட்டார். இந்தியாவில் அந்தச் சிகிச்சைக்கென்று 1900இல் இமாசலத்து மலையில் கசௌலியில் ஒரு நிலையம் வந்தது. தெற்கே கடிபட்டவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டும். 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் ரேபிஸில் இறந்த துயரத்துக்குப் பிறகு தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சி வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையும் சேர்ந்து 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்தது.

அந்தக் காலத்துத் தடுப்பூசியை ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்து, ஃபீனால் கலந்து செயலிழக்கச் செய்து எடுப்பார்கள். கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் வகுத்த முறை அது. வீரியம் குறைவு, மருந்தின் அளவு அதிகம். அதனால்தான் வயிற்றுத் தோலில் இடம் மாற்றி மாற்றி நாள்தோறும் குத்தினார்கள். கூடவே ஒரு ஆபத்தும் இருந்தது. ஊசியோடு மூளைத் திசுவும் போகிறது. சிலருடைய உடம்பு வைரஸோடு சேர்த்து அந்த மூளைப் புரதத்தையும் அந்நியம் என்று படித்துவிட்டு, தன் சொந்த நரம்பின் உறையையே தாக்கிவிடும். கை கால் விளங்காமல் போனவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. எதைக் காட்டுகிறோமோ அதை அப்படியே படித்துக்கொள்ளும் உடம்பிடம் சுத்தமான சரக்கைத்தான் காட்ட வேண்டும் என்பதை மருத்துவம் அவர்கள் உயிரை வைத்துக் கற்றது. நம் நாட்டில் அந்த ஊசி 2004ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இப்போது வருவது ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் தயாராகும் ஊசி. அதில் பெரும்பங்கு, 1962இல் ஜப்பானில் ஒரு பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து இன்றுவரை வளர்ந்துவரும் வீரோ செல்களில் செய்வது. அதில் மூளைத் திசு கிடையாது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். பதினாலு ஊசி காலத்தைவிடப் பேரன் நல்ல காலத்தில் கடிபட்டிருக்கிறான்.

பத்தியம் தேவையில்லை. கோழி, முட்டை, கத்தரிக்காய், எது வழக்கமோ அதைக் கொடுங்கள். எதிர்ப்பொருளே ஒரு புரதம்தான், வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து புரதத்தை எடுக்காதீர்கள். குன்னூர் பாஸ்டர் நிலையத்து அறை ஒன்றில்தான் 1918இல் ராபர்ட் மக்காரிசன் சத்துணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்து, கோதுமையும் பாலும் காய்கறியும் கிடைத்த எலிகள் செழித்ததையும் வெறும் அரிசியை நம்பிய எலிகள் நோஞ்சானாகப் போனதையும் காட்டினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அங்கே பிறந்ததுதான். ஆகவே சாப்பாட்டுக்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பில்லை என்று நான் சொல்லமாட்டேன், நிச்சயம் உண்டு. ஆனால் எந்தக் கஷாயமும் எந்தச் சத்துமாவும் ரேபிஸ் வைரஸின் வடிவத்தை ஒரு பி செல்லுக்குக் கற்றுக்கொடுக்காது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

28ஆம் நாள் ஊசிக்கு வருகிறேன். முதல் ஊசி அடையாளம் காட்டுகிறது. மூன்றாம் நாள், ஏழாம் நாள் ஊசிகள் பெருக்கத்தை முடுக்குகின்றன. கணுவுக்குள் பி செல்கள் பெருகும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் வடிவம் சற்று மாறும். வைரஸை இன்னும் இறுக்கிப் பிடிப்பது தங்கும், மற்றவை மடியும். இந்தத் தேர்வு வாரக்கணக்கில் நடக்கிறது. நாலாவது வாரத்தில் மறுபடியும் வைரஸைக் காட்டும்போது, தேறி வந்த அந்தச் செல்கள் பெருகுகின்றன, எதிர்ப்பொருள் ஏறுகிறது, நினைவுச் செல்கள் நிலைக்கின்றன. இரவல் எதிர்ப்பொருள் கரைந்துபோகும் காலமும் இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஒரு வாரத்தில் முடியும் அட்டவணை ஒன்றையும் ஏற்றிருக்கிறது. ஆனால் நம் அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது 28ஆம் நாளையும் சேர்த்த அட்டவணை. தொடங்கியதை முடிக்க வேண்டும், அதுவும் நாய் காணாமல் போயிருக்கும்போது. கடித்த நாய் பத்து நாள் கழித்தும் உயிரோடு நன்றாக இருந்தால் கடிக்கும்போது அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று நம்பலாம். உங்களுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை.

வீட்டில் யாராவது புற்றுநோய் மருந்தோ, மாற்று உறுப்புக்கான மருந்தோ, நீண்ட நாளாக ஸ்டீராய்டோ எடுத்துக்கொண்டு நாய்க்கடிக்கு ஆளானால், அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இந்த மருந்துகள் பி செல், டி செல்களை அடக்குபவை. அவர்களுக்கு ஊசிமுறை வேறு.

இரண்டு பிள்ளைகளின் ஊசிச் சீட்டையும் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். பிற்பாடு எப்போதாவது மறுபடி நாய் கடித்தால் அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். முதல் நாள், மூன்றாம் நாள் என்று இரண்டு தடவையோடு முடிந்துவிடும், கடிவாய் ஊசியே வேண்டாம். நினைவுச் செல்கள் சில நாட்களிலேயே எதிர்ப்பொருளைக் கொட்டிவிடும்.

தெருவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வைரஸ் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவ வழியில்லாமல் ஓய்ந்துவிடும். கோவாவில் இப்படித் தொடர்ந்து செய்து மனித ரேபிஸ் மரணத்தைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் சீரநாயக்கன்பாளையத்தில் மாநகராட்சியின் நாய்க் கருத்தடை மையம் இருக்கிறது. அங்கே கொண்டுபோகும் நாய்க்குக் கருத்தடையோடு ரேபிஸ் தடுப்பூசியும் போட்டு, காதோரத்தில் அடையாளத்துக்குச் சிறிது வெட்டி, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவது முறை. காது வெட்டிய நாயை விரட்டிவிட்டால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய் வரும். ஆனால் நாய்க்குப் போட்ட ஊசியின் காவல் ஆயுள் முழுக்க வராது, திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆகவே காது வெட்டியிருந்தாலும், வீட்டு நாயாகவே இருந்தாலும், கடித்தால் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போய்விடுங்கள்.